கப்பல் மண்டபத்துக்கு நான் ஏன் மாட்டேன் என்றேன்

ராசா,

நான் தொலைபேசியில் கூப்பிட்டால் நீ எடுக்கிறாய் இல்லை. எடுத்தாலும் "சொல்லுங்கோ அம்மா" என்கிறாய், பல் டொக்டரிடம் டெர்மின் கேட்டு, நாள் குறிக்க எடுத்தவளோடு கதைக்கிற மாதிரி. ஆகவே எழுதுகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று சாட்டுச் சொல்லாதே. மழையிலும் பனியிலும் சனிக்கிழமை தவறாமல் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனவள் நான்தான். மெதுவாக வாசி. நடுவில் கோபம் வந்தால் எழும்பிப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து மிச்சத்தை வாசி.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அனிற்றாவை எனக்குப் பிடிக்கும். உனக்குப் பிடித்தபடியால் பிடிக்கும் என்று சமாளிக்கவில்லை, எனக்கே பிடிக்கும். அவள் எங்கள் வீட்டுக்கு முதல்முதல் வந்த அன்று, நான் உப்புப் போட மறந்த சொதியை ஒன்றும் பேசாமல் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக் குடித்தாள். நீயும் அப்பாவும் முகத்தைச் சுளித்தீர்கள். அன்றைக்கே எனக்கு அவளைத் தெரிந்துவிட்டது. அவள் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளை என்பது எனக்கு ஒரு காலத்தில் உறுத்தியது உண்மை. ஊன்ட்றொப் அம்மன் கோயிலில்தான் தாலி கட்ட வேண்டும் என்று மாதக்கணக்காக நின்றதும் நான்தான். சேர்ச்சில்தான் வைக்க வேண்டும் என்று அவளின் தகப்பன் நின்றார். இழுபட்டு இழுபட்டு, கலியாணமே வேண்டாம் என்று நீங்கள் இரண்டு பேரும் ஓடிவிடுவீர்களோ என்று நான் பயந்த நேரத்தில்தான் ஹம்பூர்க் துறைமுகத்தில் அந்தக் கப்பலைக் கண்டுபிடித்தீர்கள். பழைய போர்க்கப்பல், இப்போது மண்டபம். ஐயரும் வரலாம், சேர்ச் சுவாமியாரும் வரலாம், யாருடைய நிலமும் இல்லை. "தண்ணிக்கு மேலை நிண்டு சண்டை பிடிக்கேலாது சம்மந்தி, பிடிச்சால் எல்லாரும் ஒண்டாத்தான் தாழுவம்" என்று அனிற்றாவின் தகப்பன் சொல்ல, உன் அப்பா அரை மணித்தியாலம் சிரித்தார். எல்லாம் சரிவந்த மாதிரி இருந்தது. அதைக் கெடுத்தவள் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் மண்டபம் பார்க்கப் போனோம். நீ எனக்கு முன்னால் நடந்து சந்தோசமாகக் காட்டிக்கொண்டு போனாய். "அம்மா, இந்த முன்பக்கம் முழுக்கக் கதவு. ரெண்டு பக்கமும் திறக்கும். நடுவிலை பலகை இறங்கும். டாங்கி எல்லாம் இதாலைதான் இறங்கினது. நான் வெள்ளைக் காரிலை இதாலைதான் உள்ளை வரப்போறன்!" என்றாய். நான் அந்தச் சாய்வுப் பலகையில் ஏறி உள்ளே ஒரு காலை வைத்தேன். டீசலும் பெயின்ரும் கலந்த மணம். இரும்பு நிலத்தில் சங்கிலி கொளுவுகிற வளையங்கள். என் கால் நின்றுவிட்டது. பிறகு என் வாய் தானாகச் சொன்னது: "இந்த வாசலாலை நான் வரமாட்டன்." மெதுவாகச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. இரும்புக் கூடத்தில் அது எதிரொலித்தது. எனக்குப் பின்னால் அனிற்றாவின் தாய், எல்லோருக்கும் பொரித்துக் கொண்டுவந்த பற்றிஸ் பெட்டியைத் திறந்தபடி நின்றவர், அப்படியே மூடினார்.

காரில் வரும்போது நீ கத்தினாய். "நேராச் சொல்லுங்கோ அம்மா, அவள் வேதக்காரி எண்டுதானே?" நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். என் மௌனத்தை நீ ஓம் என்று எடுத்தாய்; யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுப்பார்கள். மாப்பிள்ளையின் தாய் மண்டபத்து வாசலிலேயே நின்று வரமாட்டேன் என்று சொன்ன பிறகு அங்கே நல்ல காரியம் வைப்பதா என்று அவர்கள் பக்கம் கேட்கிறார்கள். அதுவும் நியாயம்தான். இனிச் சேர்ச் அல்லது ஒன்றுமில்லை என்கிறார்கள். நீ என்னோடு கதைக்கிறாய் இல்லை. ஒரு சொல்லால் இவ்வளவும் என்றால், இனிச் சொல்லாமல் இருந்து பிரயோசனமில்லை.

எனக்கும் உன் அப்பாவுக்கும் கலியாணம் பேசி முடித்தது படத்தைப் பார்த்து என்று உனக்குத் தெரியும். அவர் இங்கே, நான் யாழ்ப்பாணத்தில். சண்டையால் தரைப்பாதை பூட்டிக் கிடந்த காலம். கொழும்புக்குப் போய் விமானம் ஏற வேண்டுமென்றால் காங்கேசன்துறையில் கப்பல் ஏறித் திருகோணமலையில் இறங்க வேண்டும். சில நேரம் சாமான் கப்பல் வரும், சில நேரம் கடற்படையின் கப்பலிலேயே சனத்தையும் ஏற்றுவார்கள். எங்களுக்கு வாய்த்தது ஹம்பூர்க்கில் நீ காட்டினாயே, அந்த இனத்துக் கப்பல். அதே கப்பல் இல்லை, இதைவிடச் சின்னது. ஆனால் அதே வாய், அதே வளையங்கள். "குமர்ப்பிள்ளையைத் தனிய அனுப்பேலாது" என்று என் ஐயா ஒற்றைக்காலில் நின்றார். அதனால் துணைக்கு வந்தவன் என் தம்பி ரூபன், உன் மாமா. ஆமி பிடித்துவிடும் என்று அவன் வயதுப் பெடியன்கள் ஒழுங்கையைத் தாண்டவே யோசித்த காலம் அது. எனக்குக் காவலாக வந்தவனுக்குத்தான் உண்மையில் காவல் வேண்டியிருந்தது. ஊர் வழக்கம் அதையெல்லாம் எங்கே பார்க்கிறது.

என் பையில் துணிமணியைவிட மிளகாய்த்தூள்தான் கூட இருந்தது. சிரிக்காதே. அந்தக் காலத்தில் ஜெர்மனிக்குப் போகிற பொம்பிளையிடம் மாப்பிள்ளைமார் நகை கேட்டார்களோ இல்லையோ, தூள் கேட்டார்கள். என் அம்மா செத்தல் மிளகாயும் மல்லியும் வறுத்து இடித்து, கறிவேப்பிலையோடு பொதி பொதியாகக் கட்டித் தந்தா. காங்கேசன்துறைச் சோதனையில் ஒரு ஆமிக்காரன் கம்பியால் அந்தப் பொதிகளைக் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு, போ என்றான். குத்தின ஓட்டையை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

டாங்கி நிற்கிற தளத்தில் எங்களை இருத்தினார்கள். அடி தட்டையான கப்பல், கரையில் ஏறுவதற்காக அப்படிக் கட்டுவதாம். ஆனால் கடலில் அது சுளகிலே அரிசி மாதிரி எங்களைப் புடைத்து எடுத்தது. ரூபன் என் பையை நிலத்து வளையத்தில் கட்டிவிட்டு, "அக்கா, நீ என்ரை தோளைப் பிடி" என்றான். சத்தி எடுக்காத ஆள் இல்லை. அந்த ஆட்டத்தில் பொதி கிழிந்து தூள் கொட்டியிருக்கிறது. முதலில் ஒரு குழந்தை தும்மியது. பிறகு அதன் தாய். பிறகு அந்த வரிசை முழுவதும். கொஞ்ச நேரத்தில் சத்தி எடுக்கிறவர்கள் சத்தியையும் மறந்து தும்மினார்கள். கதவெல்லாம் அடைத்த இரும்புக் கூடம், தூள் எங்கே போகும்? யாரோ ஒரு கிழவர், "எந்த வீட்டுத் தூளடி இது, நல்ல காரம்" என்று இருமிக்கொண்டே கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ரூபனும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். நாங்கள் இரண்டு பேரும் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது அதுதான் என்று பிறகு சில கிழமை நினைத்துக்கொண்டிருந்தேன்.

காவலுக்கு நின்ற கடற்படைப் பெடியன் ஒருவனுக்குத் தூள் கண்ணில் பட்டுவிட்டது. கண் சிவந்து தண்ணீர் ஓட, துவக்கோடு வந்து சிங்களத்தில் கத்தினான். பிறகு தெரிந்த தமிழில், "யார் பை?" என்றான். நான் வாயைத் திறந்தேன். ரூபன் என் காலை ஓங்கி மிதித்தான். "என்ரை" என்றான். அவ்வளவுதான் ராசா. ஒரேயொரு சொல். அந்தப் பெடியன் அவனின் முகத்துக்கு வெளிச்சம் அடித்து நன்றாகப் பார்த்துவிட்டுப் போனான்.

திருகோணமலையில் அந்த முன்கதவு திறந்தது. அவ்வளவு நேரம் இருட்டில் இருந்த கண்ணுக்கு வெயில் தாங்கவில்லை. சனம் எழும்பி முட்டிமோதியது. பலகையின் அடியில் அந்தச் சிவந்த கண்காரன் நின்று ரூபனைக் கைகாட்டினான். "யாரின் கண்ணிலை தூவக் கொண்டுபோறாய்?" என்று அவர்களின் பெரியவர் ஒருவர் தமிழில் கேட்டார். நான் சொல்லப் போக, ரூபன் என்னைப் பார்த்துக் கையை வீசினான், முற்றத்தில் நெல்லுக் கொத்துகிற கோழியைத் துரத்துகிற மாதிரி. "போ அக்கா, போ. பஸ் விடப்போறாங்கள்." அவனைத் தூள் பொதிகளோடு திரும்ப உள்ளே கூட்டிப் போனார்கள். பின்னால் இருந்த சனம் என்னைத் தள்ளியது. நான் பலகையால் இறங்கிவிட்டேன். இறங்கித் திரும்பிப் பார்த்தேன். வெயிலில் நின்று பார்க்க உள்ளே ஒன்றும் தெரியவில்லை, கறுப்பாக ஒரு வாய் மட்டும் தெரிந்தது.

இங்கே விமான நிலையத்தில் உன் அப்பா பூங்கொத்தோடு நின்றார். வெட்கத்தில் என்ன கதைப்பது என்று தெரியாமல், பாவம் மனுசன், முதன்முதலாக என்னைக் கேட்டது, "தூள் கொண்டந்தனீரோ?" நான் அந்த இடத்திலேயே குந்தியிருந்து அழுதேன். காரணம் தெரிந்த பிறகு அவர் இன்றுவரை என்னிடம் தூள் என்ற சொல்லை எடுத்ததில்லை. எங்கள் வீட்டில் மட்டும் ஏன் கடைத்தூள் என்று நீ சின்னனில் கேட்பாய். எல்லா அம்மாக்களும் வறுத்து இடிக்க, உன் அம்மா சோம்பேறி என்று நினைத்திருப்பாய். நினைத்துவிட்டுப் போ.

ரூபன் திரும்பி வந்தான். சில கிழமையில் விட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. பிறகு நீயும் போய்ப் பார்த்தாய், அவனின் மோட்டார்சைக்கிளில் ஊர் முழுக்கச் சுற்றினாய். அவனும் நானும் அதைப் பற்றி ஒரு நாளும் கதைக்கவில்லை. திரும்பி வராதவர்களின் தாய்மார் இன்னும் படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் இருக்க, வந்து சேர்ந்த தம்பிக்காக நான் வாய்விட்டு அழுவதா என்று எனக்கு வெட்கம். அதை அப்படியே விழுங்கிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பலகையில் கால் வைத்தவுடன் அது வெளியே வந்துவிட்டது. அனிற்றாவும் இல்லை, அவளின் சேர்ச்சும் இல்லை. அந்த வாசல்தான்.

போன கிழமை ரூபன் ஊரிலிருந்து தொலைபேசி எடுத்தான். விசா வந்துவிட்டதாம். உன் தலைப்பாகையைத் தானே வைக்க வேண்டுமென்று புது வேட்டியும் எடுத்துவிட்டானாம். எனக்குத் தாங்கவில்லை. கலியாணம் நடக்குமோ தெரியாது என்று தொடங்கி, கப்பல், கதவு, நான் சொன்ன சொல், எல்லாம் கொட்டினேன். அவன் கேட்டான், "அக்கா, அந்தத் தூளுக்கு என்ன நடந்தது எண்டு உனக்குத் தெரியுமே?"

"எனக்கென்னெண்டு தெரியும்?"

"அவங்கள் தங்கடை குசினிக்குக் கொண்டுபோட்டாங்கள். மீன்கறி வைச்சு எனக்கும் ஒரு கோப்பை தந்தவங்கள். அந்தக் கண் சிவந்தவன்தான் கொண்டந்து தந்தவன். தூள் நல்லமாம், ஆர் இடிச்சது எண்டு கேட்டவன். அம்மா எண்டனான்."

"உனக்கு அடிச்சவங்களோடா?"

"அதை விடு அக்கா."

நான் விடவில்லை. திரும்பவும் கேட்டேன். "அடிச்சவங்கள்தான்," என்றான். "முதல் கொஞ்ச நாள். பேந்து விட்டுட்டாங்கள். அதே கப்பலிலைதான் திரும்ப ஏத்தி அனுப்பினவங்கள். வழி முழுக்க நித்திரை. முன்கதவு திறக்கேக்கைதான் முழிச்சனான், பாத்தா எங்கடை ஊர். எனக்கு அந்தக் கதவு எண்டால் அதுதான் ஞாபகம். நீ இவ்வளவு காலமும் என்னை அதுக்குள்ளையே வைச்சிருக்கிறாய் போலை." பிறகு உடனே, "சரி, அந்த மண்டபத்திலை எத்தினை பேர் இருக்கலாம்? காத்து வருமோ?" என்று கேட்டான். அவன் அப்படித்தான்.

தொலைபேசியை வைத்த பிறகு அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. ஆல்டன்ஹைமில் முதியவர்களின் உடுப்பு மடிக்கும்போது ஒரே துவாயைத் திரும்பத் திரும்ப மடித்தேன் என்று என்னோடு வேலை செய்கிற பெண் சொல்லிச் சிரித்தாள். ஓய்வு நாள் வந்ததும் அப்பாவிடம் மட்டும் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். ஹம்பூர்க்கில் இறங்கி உன்னிடம் வராமல் நேரே கப்பலுக்குப் போனேன். பராமரிக்கிற தாடிக்காரர் பக்கத்துச் சின்னக் கதவால் என்னை உள்ளே விட்டார். என் மகனுக்கு இங்கே கலியாணம், இடத்தை இன்னொருதரம் பார்க்க வேண்டும் என்றேன். கலியாணம் நிச்சயம் என்கிற மாதிரித்தான் சொன்னேன்.

சுவர் வழியே தொங்குகிற பலகைகளை நீ வாசித்தாயா? நான் ஒன்றும் விடாமல் வாசித்தேன். பெரிய போர்க்காலத்தில் அவசரம் அவசரமாகக் கட்டினார்களாம், அந்த அவசரத்தில் பெயர்கூட வைக்கவில்லை, இலக்கம் மட்டும். டாங்கிகளையும் பெடியன்களையும் அந்நியக் கரைகளில் கொண்டுபோய் இறக்கியது. திரும்பும்போது காயப்பட்டவர்களை ஏற்றியது. போர் முடிய, சிறைப்பட்டவர்களை வீட்டுக்குக் கொண்டுபோனது. பிறகு வேறொரு நாட்டுக் கடற்படைக்கு விற்றார்கள். அங்கே வெள்ளத்தில் அகப்பட்ட சனத்துக்கு மாவும் கம்பளியும் சுமந்தது. வயது போக, லொறிகளை ஏற்றி இறக்கியது, துருப்பிடித்துக் கிடந்தது, கடைசியில் மண்டபமாகியது. தன் பாட்டில் அது எதையும் தெரிவு செய்யவில்லை, ஏற்றினதை இறக்கியது. என் கப்பலுக்கு இப்படிப் பலகை எழுதுகிற ஆள் யாரும் இருக்காது. எழுதினாலும் "வடக்கிலிருந்து பொதுமக்களை ஏற்றியது" என்று ஒரு வரி போடுவார்கள். ரூபன் என் காலை மிதித்தது அதில் வராது. அதற்காகத்தான் உனக்கு இவ்வளவும் எழுதுகிறேன்.

இன்னொரு பலகையில் இருந்ததையும் சொல்கிறேன், உனக்கு உதவும். இந்தக் கப்பல் கரையில் முட்டி ஏறுவதற்கு முன்பே, தூரத்தில் வரும்போதே, பின்பக்கம் ஒரு நங்கூரத்தைப் போட்டுவிட்டுத்தான் ஏறுமாம். இறக்கி முடிந்ததும் அந்தச் சங்கிலியைச் சுற்றித் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு கடலுக்குத் திரும்புமாம். போடாமல் ஏறினால் மணலில் கிடக்க வேண்டியதுதான். நான் அன்றைக்கு "வரமாட்டன்" என்றது நங்கூரம் போடாமல் ஏறியதுதான். நீயும் அனிற்றாவும் சண்டை பிடிப்பீர்கள்; பிடிக்காவிட்டால்தான் எனக்குப் பயம். ஆனால் திரும்பி வர ஒரு வழி வைத்துக்கொண்டு பிடி. "இப்ப எனக்குக் கோபம், பிறகு கதைப்பம்" என்றாவது சொல்லிவிட்டு வாயை மூடு. உன் அப்பா இந்தப் பந்தியை வாசித்துவிட்டு, உபதேசம் கூடிவிட்டது என்கிறார். அவர் தன் சங்கிலியை எப்போதும் கையிலேயே பிடித்திருக்கிறவர், அவருக்கு ஏன் உபதேசம்?

வெளிக்கிடும்போது தாடிக்காரரிடம் முன்கதவைத் திறந்து காட்டுவீர்களா என்று கேட்டேன். நிகழ்ச்சிக்கு மட்டும்தான் திறப்போம் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, சோடாப் பெட்டி ஏற்றிய வாகனம் ஒன்று வரவேண்டும், நின்றால் பார்க்கலாம் என்றார். நின்றேன். மோட்டார் முனகியது. இரும்பு இரண்டாகப் பிரிந்தது. வெளிச்சம் அதே மாதிரித்தான் வந்தது, ராசா, அதில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு வளையத்துக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்துவிட்டேன். வாகனம் பின்பக்கமாக ஏறி உள்ளே வந்தது, ஒருவன் விசிலடித்தபடி பெட்டிகளை இறக்கினான். அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் என்னைப் பார்த்து நல்ல நாள் சொன்னான். நானும் சொன்னேன். எழும்ப முடிந்தது.

அங்கிருந்தே அனிற்றாவின் தாய்க்கு எடுத்தேன். "அக்கா, அண்டைக்கு நான் சொன்னது உங்கடை பிள்ளையைப் பற்றி இல்லை" என்று தொடங்கி, கப்பல் கதையைச் சொன்னேன். தூள் கொட்டின இடத்தில் அவர் சிரித்தார். ரூபன் "என்ரை" என்ற இடத்தில் "ஐயோ" என்றார். பிறகு, "நாங்களும் மன்னாரிலையிருந்து வள்ளத்திலை வெளிக்கிட்டனாங்கள்தானே" என்றார். அவரும் ஒன்றைச் சொன்னார், அது அவருடையது, நான் எழுத மாட்டேன். முடிவில், "அனிற்றா அண்டைக்கே சொன்னவள், மாமிக்குக் கோபம் இல்லை, பயம் எண்டு" என்றார். ஓம், அன்றைக்கு நான் வெளியே ஓடிப்போய்க் கரையில் கயிறு கட்டுகிற இரும்புக் கட்டையில் இருந்தபோது, தண்ணீர்ப் போத்தலோடு வந்து பக்கத்தில் இருந்தவள் அவள்தான். ஒரு கேள்வி கேட்கவில்லை, என் செருப்பைக் கழற்றி, காலைக் காற்றாட நீட்டச் சொன்னாள். நீ அந்த நேரம் எங்கே நின்றாய்? சரி, விடுகிறேன்.

மண்டபம் அதுவே இருக்கட்டும். அனிற்றா வீட்டாருக்கும் இப்போது சம்மதம். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த வெள்ளைக் காரில் ஏறி உள்ளே வருகிற கூத்தெல்லாம் வேண்டாம். நடந்து வா. தலைப்பாகையை ரூபன் வெளியே வைத்துவிடட்டும். பிறகு அவனின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பலகையால் ஏறி வா. ஆராத்தி எடுப்பது பொம்பிளை வீட்டாரின் வேலை, எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனால் கதவு திறக்கும்போது நான் உள்ளே, முன்னுக்கு நிற்பேன். வெளிச்சத்தில் இருந்து பார்க்க உனக்கு என்னைத் தெரியாது. நான் நிற்கிறேன் என்று நம்பி ஏறு. நான் அழுதால் வீடியோக்காரனை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லு. என் தம்பி அந்த வாசலால் உள்ளே வருவதை நான் பார்க்க வேண்டும்.

அம்மா